பதினொரு கிலோ நாத்தனார்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதுபார்க்க வரும் பெண்ணுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ‘நிப்பாட்டி’. ஒரு சத்தம் போட்டால் தெருவில் போகிற பேருந்தே நின்றுவிடும் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நின்றது ஒரு சைக்கிள்தான். ஆனால் அவளுக்குப் பேருந்துதான் பொருத்தம்.

பெயர் வந்தது பத்தொன்பது வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம், அதே கம்பியின் மறுமுனையில், இரும்புக் கட்டிகளை அடுக்கிய எதிர் எடை ஒன்று தொங்கும். லிஃப்ட் ஏறினால் அது இறங்கும். இரண்டும் சமமாக இருக்கும்போது பிரேக்கைத் தளர்த்தினால், இரண்டு விரலால் தள்ளினாலே லிஃப்ட் மெல்ல நகரும். அவளும் தள்ளினாள். அவ்வளவு பெரிய சாமான் பூனைக்குட்டி மாதிரி நகர்ந்ததில் ஒரே பெருமை. பிறகு அதே இரண்டு விரலால் நிறுத்தப் பார்த்தாள். விரல் போதவில்லை. கை போதவில்லை. தோளைக் கொடுத்தாள். காறை எலும்பில் விரிசல் விட்டதுதான் மிச்சம்.

கட்டுப் போட்ட தோளோடு மேஸ்திரி முன்னால் போய் நின்று, “எடையே இல்லாத மாதிரி இருந்தாலும் அதுக்குள்ள என்னமோ இருக்கு அண்ணே, அதுதான் என்னை இடிச்சுது” என்றாளாம். அந்த ‘என்னமோ’வுக்குப் பாடப்புத்தகத்தில் நிலைமம் என்று பெயர். நின்றது நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும், ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். நாமெல்லாம் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அவள் எலும்பு வழியாகப் படித்தாள்.

அவளுடைய நாத்தனாருக்கு அறிவியல் காட்சிக்கூடத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. அங்கே நிலவுக்கென்று ஒரு கூடம் திறப்பதாக ஏற்பாடு. வருகிறவர்கள் நிலவில் குதிப்பதுபோலக் குதித்துப் பார்க்க வேண்டும் என்று டைரக்டர் அம்மாவுக்கு ஆசை. “தூக்குறது இறக்குறதெல்லாம் எங்க அண்ணிதான்” என்று நாத்தனார் வாக்குக் கொடுத்துவிட்டாள். வேலை முடிந்தால் கூடத்தின் வாசலில் நிப்பாட்டியின் பெயரைப் பலகையில் பொறிப்பதாகப் பேச்சு. முப்பது வருஷமாக எத்தனையோ லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டவள். அவள் பெயர் எழுதிய ஒரு சீட்டுக்கூட எங்கேயும் இல்லை. பலகை என்றதும் அவள் முகம் எப்படி ஆயிற்று என்பதை நாத்தனார் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள்.

நிலவின் ஈர்ப்பு நம் தரையின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. நாத்தனார் அறுபத்தாறு கிலோ. இந்தக் குடும்ப ரகசியம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நிலவில் அவள் பதினொரு கிலோ காட்ட வேண்டும். நிப்பாட்டி தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். நாத்தனாருக்கு இடுப்பிலும் தோளிலும் வார்ப்பட்டை. மேலே கப்பி. கயிற்றின் மறுமுனையில் ஐம்பத்தைந்து கிலோ இரும்பு. காலடியில் வைத்த தராசு சரியாகப் பதினொன்று காட்டியது.

“இனிமே நான் இங்கயே இருந்துடுறேன் அண்ணி. வீட்டுக்கு வரல” என்றாள் நாத்தனார்.

டைரக்டர் அம்மா கைதட்டினார். திறப்பு விழா சனிக்கிழமை. அன்று திங்கள், காட்சிக்கூடத்துக்கு விடுமுறை. எல்லாரும் டீ குடிக்கப் போனபோது நிப்பாட்டி மட்டும் போகவில்லை. எந்த லிஃப்டானாலும் இறங்கும் நேரத்தைப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று அவள் சொன்னதில்லை. சுவரில் இருந்த படம், நிலவில் ஒரு மீட்டர் விழ ஒன்று புள்ளி ஒன்று வினாடி என்றது. டீயோடு திரும்பிய நாத்தனாரை ஒரு மீட்டர் மேடையிலிருந்து இறங்கவைத்து, கைபேசியில் நேரம் பார்த்தாள். ஒன்றரை. பத்துத் தடவையும் ஒன்றரைதான்.

குழந்தைகளுக்கு அரை வினாடிகூட இல்லாத வித்தியாசம் தெரியப்போவதில்லை என்று டைரக்டர் அம்மா சமாதானம் சொன்னார். பிரிக்க ஆரம்பித்துச் சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் கூடமும் கிடையாது, பலகையும் கிடையாது என்பதையும் மறைக்கவில்லை.

“லிஃப்டுல போறவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது மேடம். அதனாலதானே என்னைக் கூப்பிடுறாங்க” என்று சொல்லிவிட்டு நிப்பாட்டி ஸ்பேனரை எடுத்தாள்.

பிரித்த இரும்பைக் கையில் தூக்கியபோதுதான் பழைய காறை எலும்பு பேசியது. நிலவில் பதினொரு கிலோ இழுப்பு அறுபத்தாறு கிலோ உடம்பைத்தான் நகர்த்தும். இங்கேயோ நாத்தனாரோடு ஐம்பத்தைந்து கிலோ இரும்பையும் சேர்த்து நகர்த்துகிறது. நூற்றிருபத்தொரு கிலோவுக்கு அந்த இழுப்பு எப்படிப் போதும்? மெதுவாகத்தான் விழும். இரும்பைக் குறைத்து நேரத்தைச் சரிசெய்தால் தராசு கோணிக்கொள்ளும். தூக்கவும் வேண்டும், ஆனால் தூக்குகிற சாமானுக்குக் கனம் இருக்கக் கூடாது. அன்று வீட்டுக்குப் போனவள் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே அவள் கணவர் தையல் மிஷினில் ஒரு காற்சட்டைக்கு எலாஸ்டிக் வைத்துக்கொண்டிருந்தார். நிப்பாட்டி எழுந்து போய் அதைப் பிடுங்கி இழுத்துப் பார்த்தாள். நன்றாக நீட்டிவைத்த எலாஸ்டிக், இன்னும் கொஞ்சம் நீண்டாலும் சுருங்கினாலும் இழுப்பில் பெரிய மாற்றமில்லை. சொல்லும்படி கனமும் இல்லை. அவருடைய தையல் கடையிலிருந்த எலாஸ்டிக் முழுவதும் செவ்வாய்க்கிழமை காலை காட்சிக்கூடத்துக்குப் போய்விட்டது. அந்த வாரம் எங்கள் தெருவில் காற்சட்டை போட்டவர்கள் எல்லாரும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஐம்பது இழைகளைச் சேர்த்துக் கட்டி, கூரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழுத்து, கப்பிகளில் மாட்டினாள். அறுந்தால் தாங்க ஒரு தனிக் கயிறு. மேலே தண்டவாளத்தில் ஒரு வண்டி, ஆள் நடந்தால் கூடவே உருள. வெள்ளிக்கிழமை தராசு பதினொன்று காட்டியது. விழும் நேரம் ஒன்று புள்ளி ஒன்று. நிப்பாட்டி போய்க் கூடத்தின் கடைசிச் சுவரில் மூன்று மெத்தைகளைச் சாத்திவைத்தாள். அது எதற்கு, அசிங்கமாக இருக்கிறதே என்று டைரக்டர் அம்மா மெத்தைப் பக்கமாகப் போனார்.

அதே நேரம் நாத்தனாருக்கு ஓடிப் பார்க்க ஆசை வந்தது. நான்கு எட்டு வைத்தாள், மான் தோற்றது. ஐந்தாவது எட்டில் நிற்கப் பார்த்தாள். தரையில் ஊன்றியது பதினொரு கிலோ கால். நிற்க வேண்டியது அறுபத்தாறு கிலோ உடம்பு. கால் வழுக்க, டைரக்டர் அம்மாவையும் வாரிக்கொண்டு மெத்தைக்குள் போய்ப் புதைந்தாள்.

“எடைதான் மேடம் குறைஞ்சுது. ஆள் குறையலையே” என்றாள் நிப்பாட்டி, இருவரையும் தூக்கிவிடக் கை நீட்டியபடி.

டைரக்டர் அம்மா படித்தவர். மெத்தையில் கிடந்தபடியே விளக்கம் சொன்னார். நிலவில் ஒரு பந்தைப் போதுமான வேகத்தில் குறுக்கே எறிந்தால், தடுக்க மலை எதுவும் இல்லாவிட்டால், அது நேரே ஓடப் பார்க்குமாம், நிலவு கீழே இழுக்குமாம். இந்த இழுபறியில் பந்து விழுந்துகொண்டே, ஆனால் தரையைத் தொடாமலே, நிலவைச் சுற்றி வருமாம்.

“நல்லவேளை மெத்தை போட்டீங்க அண்ணி. இல்லாட்டி நான் இந்நேரம் சுத்திக்கிட்டு இருந்திருப்பேன்” என்றாள் நாத்தனார்.

சனிக்கிழமை கூடம் திறந்தது. பலகையும் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய நாளே நிப்பாட்டி ஒன்று கேட்டிருந்தாள். பழைய இரும்பு எடையையும் ஓர் ஓரத்தில் மாட்டிவைக்க வேண்டும். ஜனங்கள் இரண்டிலும் ஏறிப் பார்க்கட்டும். பலகை அந்த இரும்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ‘இது தவறு. எடை சரி, விழும் வேகம் சரியில்லை. ஏன்? செய்தவர்’ என்று போட்டு, அடையாள அட்டையில் இருக்கும் பெயர் முழுசாக.

நாத்தனாருக்குக் கோபம் தாளவில்லை. “யாராவது தப்புக்குக் கீழ பேர் போடுவாங்களா? சரியா செஞ்சதுல போட்டுக்கங்க அண்ணி.”

“சரியானதுல எலாஸ்டிக் உங்க அண்ணனோடது, விழுந்து பார்த்தது நீ. தப்பு ஒண்ணுதான் முழுசா என்னோடது.”

இப்போது அந்தத் தப்பின் முன்னால்தான் வரிசை நீளம். எதனால் மெதுவாக விழுகிறது என்று ஜனங்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டு வருகிறவர்களுக்கு, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே நாத்தனார் சொல்கிற பதில் ஒன்றுதான்: “எங்க அண்ணி.”