பூட்ஸ் போட்ட எதிரணி

1. திருச்சியில் எல்லோரும் வெறுங்காலில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, மில் அணிக்காரர்கள் பூட்ஸ் வாங்கினார்கள்.
2. மறுநாளே குதிகாலெல்லாம் கொப்புளமாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டு வந்தார்கள்.
3. எங்கள் கம்பவுண்டர் ஆனந்தத்தில் டிஞ்சர் பாட்டிலைக் கீழே போட்டு உடைத்தார்.

அவர் ரயில்வே பட்டறை அணியின் பரம ரசிகர். நெட்டையான, ஒல்லியான மனிதர். கட்டுப் போடும்போதே கீழே விழும் பஞ்சு உருண்டையை வலது காலால் உதைத்துவிடுவார்.

ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதித்துக்கொண்டிருந்த என்னிடம் ஓடி வந்தார். "இந்த சீசன்ல மில்லு அவ்வளவுதாம்மா! கோல் போடணும்னா மாட்டுவண்டி கட்டித்தான் வரணும்!"

ஆனால் அவர்களுக்கு அவர் மருந்து போட்டதைப் பார்க்க வேண்டுமே! பச்சைக் குழந்தையைத் தொடுவது போலத் தொட்டார். தினமும் வரச்சொல்லிக் கட்டு மாற்றினார்.

"எதிரிக்கு எதுக்கு சார் இவ்வளவு உபசாரம்?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்கம்மா! வலி தாங்காம பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டானுங்கன்னா? வெறுங்கால்ல அவனுங்களை யாரு பிடிக்கிறது?"

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், மில் கேப்டன் பூட்ஸோடு படியேறி ஓடி வந்து, கம்பவுண்டர் கையில் ஜீயபுரத்து வாழைத்தார் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதே வேகத்தில் இறங்கி ஓடினார்.

மில் அணியில் ஒருவர் காலிலும் கொப்புளம் இல்லை. பூட்ஸ் எல்லோருக்கும் பழகிவிட்டது.