இருபது மீட்டருக்கு ஒரு புள்ளி

இப்பவும் அந்தக் கேள்வி திரையில வந்தா ரெண்டு தடவ படிச்சிட்டுத் தான் நம்பர அடிக்கறேன். "எத்தினி மீட்டருக்கு ஒரு புள்ளி?" பாழாப்போன கேள்வி.

கள்ளக்குறிச்சியில ஒரு சின்ன ஆபீசுல ரோட்டுப் படம் வரையறவ நான். ரோட்டோட நடுக்கோடு ஒரு படத்துல இருக்கும், ஏத்த இறக்கம் இன்னொரு படத்துல இருக்கும். ரெண்டையும் சேத்து, உயரத்தோட ஒரே த்ரீ டி கோடா எடுக்கணும். அப்ப தான் கம்ப்யூட்டர் இந்தக் கேள்வியக் கேக்கும். நாம சொல்ற தூரத்துக்கு ஒரு புள்ளி வச்சி, புள்ளிக்குப் புள்ளி நேரா இழுத்துடும். சர்வேயர் அண்ணன் அந்தக் கோட்ட மெஷின்ல ஏத்திக்கினு போயி, ரோடு இங்க தான் போவும்னு தரையில செவப்பு முளைக்குச்சி அடிப்பாரு.

எட்டு வருசமா சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கத்து ரோடுங்க தான் வரஞ்சிருக்கேன். கரும்புக் கொல்லைங்க நடுவுல நேரா போற ரோடுங்க. அதுக்கு இருபது மீட்டர் தாராளம், கை தானா அடிக்கும். கல்வராயன் மலையில ஒரு ஊருக்கு மொத மொதல்ல ரோடு வந்தப்பவும் கை இருபதத் தான் அடிச்சிது. கொண்டை ஊசி வளைவுல ஒரு மீட்டருக்கு ஒண்ணு வைக்கணும்னு எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். சாப்பாட்டுக்கு முன்ன அனுப்பிடணும்னு அவசரம், வெளங்காத அவசரம்.

வளைஞ்சி போக வேண்டிய கோடு, முக்கு வெட்டிக்கினு உள்பக்கமா போயிடுச்சி. பத்தடி தான் வித்தியாசம். முழுப் படத்துல வச்சிப் பாத்தா கண்ணுக்கே தெரியாது.

மறுநா காலையில மலையிலயிருந்து அண்ணன் போன் போட்டாரு. "இன்னாம்மா, கோடு ஒரு வூட்டுக்குள்ள போவுதே? சரியா பாத்தியா?"

"படத்துல இருக்கறத அடிங்கண்ணா"ன்னு சுள்ளுனு சொன்னேன். ஒரு தடவ தொறந்து பாத்திருக்கலாம். பாக்கல. என் படத்தக் கேள்வி கேட்டா எனக்குக் கோவம் பொத்துக்கினு வரும்.

பத்து நாளு கழிச்சி, மண்ணு வெட்டுற கணக்குக்காக அந்த வளைவப் பெருசு பண்ணிப் பாக்கறேன். வளைவே இல்ல, ஒடைஞ்சி ஒடைஞ்சி கெடக்குது. அண்ணன் போன்ல சொன்ன வூடு அப்ப தான் ஞாபகம் வந்துது. ஒரு மீட்டருக்கு மாத்தித் திரும்ப எடுத்தேன். கோடு அந்த வூட்ட விட்டு விலகி அழகா போச்சி. அப்பாடா, இடிக்கறதுக்கு முன்ன கண்டுபுடிச்சிட்டோம்னு அண்ணனக் கூட்டிக்கினு வெள்ளிமலை பஸ் ஏறுனேன்.

போயிப் பாத்தா வூடு இல்ல. பொக்லைன் இன்னும் மலையே ஏறல, ஆனா வூடு இல்ல. ஓடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருந்துது, உத்தரம் ஒரு ஓரமா. தார்ப்பாய்க்குக் கீழ அந்த வூட்டுப் பொண்ணு சோறு ஆக்கிக்கினு இருந்தா. என் வயசு தான் இருக்கும்.

"முளை அடிச்சிட்டாங்கல்லீங்க. மெஷின் வந்து இடிச்சா ஓடு ஒண்ணு மிஞ்சாதுன்னு நாங்களே பிரிச்சிட்டோங்க"ன்னா. "ரோடு வரணும்ல."

ஐயோ, யாரும் இடிக்கச் சொல்லலியேன்னு கத்தணும் போல இருந்துது. எப்படியோ சொல்லிட்டேன். "தப்பு என்னுதும்மா. ரோடு உன் வூட்டத் தொடவே தொடாது. திரும்ப இங்கியே கட்டிக்கலாம்."

அவ ஓட்டப் பாத்தா, என்னப் பாத்தா. "பாரஸ்ட்டுக்காரங்க கட்ட வுடமாட்டாங்களேங்க. காட்டு நெலமாச்சே. பழைய வூடுன்னு இத்தினி நாளா கண்டுக்கல. புதுசா ஒரு கல்லு வச்சாலும் வந்து நிப்பாங்க."

திட்டியிருக்கலாம். மண்ண வாரித் தூத்தியிருந்தா கூட வாங்கிக்கினு வந்திருப்பேன். அவ குடிக்கத் தண்ணி மோந்து குடுத்தா. அண்ணன் அந்தச் செவப்பு முளையப் புடுங்கிக் கையில வச்சிக்கினு நின்னாரு.

வூடு போனத ஆபீசுல நான் யாருக்கிட்டயும் சொல்லல. பயம் தான், வேற இன்னா.

போன வாரம் திருத்துன படத்தப் பாக்க மேலதிகாரி ஒருத்தர் வந்தாரு. பழைய சர்வேயில இருந்த அந்த வூடு, வளைவுக்கு உள்பக்கமா சின்னக் கட்டமா இன்னும் அதுல நிக்குது. கோடு அத ஒட்டுனாப்புல சுத்திக்கினு போவுது. அவரு அந்தக் கட்டத்து மேல வெரல வச்சாரு.

"பரவால்லியேம்மா, ஒரு வூட்டக் கூட இடிக்காம ரோட்டக் கொண்டாந்துட்டியே"ன்னாரு.

நான் "ஆமாங்க சார்"னு சொன்னேன்.