ஆலாக்களின் நெற்றி

திண்டிவனத்திலிருந்து வந்த பஸ் மரக்காணத்தில் கொதித்து நிற்கிறது. அது ஆறட்டும் என்று உப்பளத்துக்கு நடக்கிறேன். சென்ற கோடையில் இங்கே முட்டையிட்ட ஆலாப் பறவைகளுக்கு உச்சந்தலை கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைக் கீற்று. இந்தக் கோடையில் பல தலைகளில் வெள்ளை கூடியிருப்பதுபோல் தெரிகிறது. கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் வரப்பில் ஏறுகிறேன். கூட்டமே அலறிக்கொண்டு எழும்புகிறது.

எதிர் வரப்பில் உப்புக்கூடையோடு போகும் ஒரு பெண் நிற்கிறாள்.

"ஐயா, அங்கியே நில்லுங்க. கீழ முட்டை கீது. குஞ்சு பறக்கிற வரிக்கும் நாங்க யாரும் அந்தாண்ட வர்றதில்ல. சுத்திக்கினுதான் போறோம்."

குனிகிறேன். மணல் நிறத்தில் சின்னச் சின்ன முட்டைகள். என் பூட்ஸின் ஓரத்தில் மஞ்சள் ஈரம்.

"எதனா மிதிச்சிட்டீங்களா?"

"இல்லையம்மா."

தலைச் சுமையை இறக்காமலே, எங்கெங்கே கால் வைப்பது என்று சொல்லி என்னை வெளியே கொண்டுவருகிறாள். பறவைகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஒன்று மட்டும் இறங்காமல் என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றுகிறது. அதன் நெற்றியில் வெள்ளை எவ்வளவு என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.