கோபுரத்தடியில் ஒரு சொல்

எல்லாச் சாதியாருக்கும் கோயில் திறந்த வாரம். திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் என்னோடு நடக்கிறவர், கரமனை ஆற்றோர வயலில் உழும் முதியவர்.

“அடியன் வயல்ல நிண்ணு பாத்தா, கோபுரம் இந்தப் பெருவிரல் அளவுதான் ஏமானே.”

‘ஏமான்’, அதாவது எசமான், என்று அழைக்க வேண்டிய என்போன்ற மேல்சாதியார் முன்னால் ‘நான்’ என்று சொல்ல இவர் முன்னோருக்கு நூற்றாண்டுகளாக அனுமதியில்லை. ‘அடியன்’தான்.

“இனி அடியன் வேண்டாமே” என்கிறேன்.

“நாக்கு திரும்பல்லையே ஏமானே.”

வாசலில் அண்ணாந்து பார்க்கிறார். அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகிறது கோபுரம். பலமுறை பார்த்த எனக்கே மூச்சடைக்கிறது.

“ஆராக்கும் அது, வழியில நிக்கது?” என்று காவற்காரர் கேட்கிறார்.

கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே முதியவர் பதில் சொல்கிறார்.

“நான்.”