நூறாவது லாட்ஜுக்கு அடித்த மணி

மணிச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கோவில் ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லக் கூடாதுதான். நான் சொல்வது எங்கள் ஆபீஸ் மணியை.

திருவண்ணாமலையில் லாட்ஜ் ரிசப்ஷனில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். அந்த அனுபவத்துக்காகத்தான் பிரதாப் என்னை வேலைக்கு அழைத்தான். கீழ்பென்னாத்தூர் பையன். சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்து, லாட்ஜ் ரூம்களைப் போனிலேயே புக் செய்யும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்திருந்தான். முதலாளிதான் என்றாலும் என்னை அக்கா என்பான். ஊரில் ஒருவரும் அவனை நம்பாதபோது முதலில் தன் லாட்ஜைக் கொடுத்தவர் காதர் பாய். தொழில் தெரியட்டும் என்று தன் ரிசப்ஷனிலேயே அவனை உட்காரவும் வைத்தார்.

1. மணி

கம்பெனி மளமளவென்று வளர்ந்தது. பிரதாப் ஒரு வெண்கல மணி வாங்கி வந்து ஹாலில் மாட்டினான். ஒரு புது லாட்ஜ் லைவ் ஆனால், அதாவது அதன் ரூம்கள் புக்கிங்குக்குத் திறந்தால், மணி அடிக்கும். எல்லோரும் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை தட்ட வேண்டும். பிறகு போட்டோ.

லாட்ஜைச் சேர்ப்பது என் டீமின் வேலை. நேரில் போய் ரூம்களைப் பார்க்க வேண்டும், எந்த ரூமை ஓனர் சொந்தக்காரர்களுக்கென்று வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டும், பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இரண்டு நாள் பிடிக்கும். பிரதாப்புக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"பாய் லாட்ஜை அப்படியே காப்பி பண்ணி, பேரையும் அட்ரஸையும் மாத்திடுங்கக்கா. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான்.

அகலக்கால் வைக்காதீர்கள் என்று சொன்னேன். சிரித்தான். ஆள் கம்மியாக இருக்கிறது, இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள் என்றேன். அதற்கும் சிரித்தான். நிதானமாகச் செய்ய வேண்டும் என்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

நூறாவது லாட்ஜ் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் இருந்தது. என் டீமில் இருந்த ஷபானா அதை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில்தான் அவர்கள் வீடு ஓடியது. பேரை மாற்றிவிட்டாள், அட்ரஸை மாற்றவில்லை. அதற்குள் பிரதாப் தன் சிஸ்டத்திலிருந்தே லைவ் பட்டனை அழுத்திவிட்டு மணியை அடித்தான். நூறாயிற்றே, கேக் வேறு. போட்டோவுக்கு நின்றுவிட்டுத் திரும்பியபோது அடுத்த லாட்ஜ் அவளுக்காகக் காத்திருந்தது. முந்தையது லைவ் ஆகிவிட்டதால் முடிந்த வேலை என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

2. பௌர்ணமி

பௌர்ணமி அன்று காலை பாய் போன் செய்தார். அவர் லாட்ஜ் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. வாசலில் மேலும் ஐந்து குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு நின்றன. அடி அண்ணாமலை லாட்ஜுக்குப் பணம் கட்டியவர்கள். அவர்கள் போனில் இருந்த அட்ரஸோ பாயுடையது.

ஓடினேன். ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஒருவர் தெலுங்கில் கத்திக்கொண்டே பாயின் சட்டையைப் பிடித்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கைக்குழந்தையோடு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தவர் வேறு என்ன செய்வார்? அடி அண்ணாமலையில் ரூம்கள் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் கூட்டத்துக்காகப் பாதையை அடைத்துவிட்டார்கள், எந்த வண்டியும் போகவில்லை. பாய் சட்டையைச் சரிசெய்துகொண்டு, லாட்ஜுக்குப் பின்னாலிருந்த தன் வீட்டு ஹாலைத் திறந்துவிட்டார். அவர் வீட்டுப் பெண்கள் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள்.

அங்கிருந்தே பிரதாப்புக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன், ஒரு சாரி மெசேஜ் போட்டுவிடுங்கள் என்றான்.

3. மறுபடி மணி

மறுநாள் பிரதாப் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டான்.

"ஷபானாவை அனுப்பிடலாம்கா. ஒருத்தரை அனுப்பினாத்தான் மத்தவங்களுக்குப் பயம் வரும். நீங்களே சொல்லிடுங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். எழுந்து வெளியே வந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாய் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"கம்பெனி பெருசாயிடுச்சு, சந்தோஷம். நம்ம லாட்ஜை உங்க லிஸ்ட்ல இருந்து எடுத்துடும்மா" என்றார்.

நேராக ஹாலுக்குப் போய் மணியை அடித்தேன். பலமாகவே அடித்தேன். பழக்கதோஷத்தில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். பிரதாப் போனைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்க ஓடிவந்தான்.

"எந்த லாட்ஜ்கா?"

"பாய் லாட்ஜ். விட்டுட்டுப் போயிட்டாரு."

கை தட்டல் நின்றது. ஷபானா மட்டும் உட்கார்ந்துவிட்டாள்.

"காப்பி பண்ணச் சொன்னது நீங்க தம்பி. லைவ் போட்டதும் நீங்க. ஷபானாவை அனுப்பணும்னா அந்தக் கடுதாசியில முதல்ல என் பேரை எழுதுங்க."

ஆபீஸில் அவனை நான் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. அவன் ஷபானாவை அனுப்பவில்லை. அடுத்த நாள் மணி மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. காப்பி அடிப்பது மட்டும் நிற்கவில்லை. நான் ஆறு மாதத்தில் விலகினேன்.

வேகமாக வளரும் கம்பெனியில் சேரப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை பேர் புதிதாக வந்தார்கள் என்று அவர்களே சொல்லுவார்கள். யார் விட்டுப்போனார்கள், ஏன் போனார்கள் என்று நீங்கள் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

விலகிய அன்று பாயைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். டீ வரவழைத்தார்.

"நீ வந்துட்டம்மா. அந்தப் புள்ள இன்னி வரைக்கும் வரலியே" என்றார்.

எங்கள் ஆபீஸிலிருந்து பாய் லாட்ஜ் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.