முத்துமாரிகிட்டச் சொல்லாமப் போன புதுக்கோட்டை

கோடாங்கி கருப்பையா பழனிக்குப் போயிருக்கான்னு ஒனக்கு யாருடி சொன்னது மீனாச்சி? பழனியாவது! புதுக்கோட்டை பெரியாசுபத்திரியில கண்ணக் கட்டிக்கிட்டுப் படுத்துருக்கான். சிரிக்காத. ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லுறேன்.

எனக்குப் புரை விழுந்து மூணு வருசமாச்சா? எடது கண்ணுல வெளிச்சந்தான் தெரியும், ஆளு தெரியாது. வலதுல ஏதோ நெழலாடும். முத்துமாரிக்கு வெள்ளிக் கண்மலரு வாங்கிப் போட்டும் தெளியல. வாத்தியாரம்மாவுக்குப் படிக்கிறாளே எம் பேத்தி சரசு, அவ, "ஆசுபத்திரிக்கு வாங்க அப்பத்தா"ன்னு கையப் புடிச்சு இழுத்தா. கருப்பையாகிட்டக் குறி கேட்டேன். உடுக்கை அடிச்சான் பாரு, மாரி அவன் மேல எறங்கி, "நான் போட்ட தெரையக் கத்தி வச்சுக் கிழிப்பியா? கிழிச்சா மத்த கண்ணையும் புடுங்கிருவேன்"னு ஒரு சத்தம். சரசு கைய ஒதறிட்டு உக்காந்துட்டேன்.

இருந்தாலும் போனேன். பேரப்புள்ள மூஞ்சியத் தடவியே எத்தன நாளைக்குப் பாக்குறது? திங்கக்கெழம விடியக்காலம், கோயில் தெருவுல போகாம, மாரிக்குத் தெரியாமக் கொல்லப்பக்கமா நானும் சரசுவும் எறங்குனோம். திருமயத்துக்கு ரெண்டு மைலு நடை. அங்கருந்து பஸ்ஸுக்கு ஏழணா. புதுக்கோட்டை பன்னெண்டு மைலு.

"கம்பியப் புடிங்க அப்பத்தா"ன்னான் கண்டக்டர்.

"கம்பி எங்கிட்டு இருக்கு?"

"ஒங்க மூக்கு இடிக்குதே, அதான்."

பஸ்ஸே சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. ஒவ்வொரு குலுங்கலுக்கும் மாரிதான் பின்னாடியிருந்து முடியப் புடிச்சு இழுக்குறாள்னு நெனைப்பு. நமணசமுத்திரம் தாண்டி ஏதோ கோயில் மணி கேட்டுச்சு. கும்பிட்டேன். "அது இந்தப் பக்கம் அப்பத்தா"ன்னு சரசு கையத் திருப்பி வச்சா. சாமி இருக்குற தெசை கூடத் தெரியாமக் கும்பிடுறோமேன்னு அழுதுட்டேன்.

மறுநா காலையில தாழ்வாரத்துப் பெஞ்சுல உக்கார வச்சாக. ஆசுபத்திரி வாடை ஒனக்குத் தெரியுமா? எரியும், மூக்குக்குள்ள. பக்கத்துல ஒரு ஆளு இருமுனான். அந்த இருமல நான் அறுவது அமாவாசைக் குறியில கேட்டுருக்கேன்டி!

"கருப்பையா?"

எங் காதுகிட்டக் குனிஞ்சு, "அக்கா, ஊர்ல சொல்லிராதீக. எனக்கும் புரை."

"மாரி கண்ணப் புடுங்குவாள்னு சொன்னியேடா பாவி!"

"நானா சொன்னேன்? அவ சொன்னா. எனக்கும் அதேதான் சொல்லியிருக்கா." எங்கையப் புடிச்சான். ஐஸுக்கட்டி. "நான் பஸ்ஸு ஏறிப் போயிர்றேங்க்கா."

ஊரையே வெரட்டுன ஆளு, கோழிக்குஞ்சாட்டம் நடுங்குறான். அந்த நடுக்கம் கையில தெரிஞ்சதும் எனக்கு எங்கருந்து தெம்பு வந்துச்சோ. "நீ இரு. நான் மொதல்ல போறேன். அவ என்னைய என்ன செய்யிறான்னு பாத்துட்டு நீ வா"ன்னேன்.

உள்ள படுக்க வச்சு எடது கண்ண மரத்துப் போக வச்சாரு சின்ன வயசு டாக்டரு. "என்னம்மா மொணங்குறீங்க?"

"சாமிகிட்டக் கேக்குறேன்யா."

"கேளுங்க. தலைய ஆட்டாமக் கேளுங்க."

வெளிச்சத்துக்கு நடுவுல ஏதோ நெழலு வந்துச்சு. மாரி, கோவம்னா எம்மேல வையி, புள்ளைக மேல வைக்காத. அம்புட்டுத்தான் கேட்டேன்.

ஏழு நாளு. ரெண்டு கண்ணும் கட்டு. மல்லாந்து கெடக்கணும், திரும்பக் கூடாது. காக்கா கத்துனா விடிஞ்சதுன்னு அர்த்தம். காச்சல்னு சொல்லித் தன் ஆப்பரேசனத் தள்ளி வச்சுட்டு, கருப்பையா தெனம் சன்னலுக்கு வெளிய வந்து நிப்பான். "அக்கா, அவ வந்தாளா?" "வரல." நாலாம் நாளு, "எங்கனவுல வந்தா. மூஞ்சியே இல்லக்கா"ன்னுட்டுப் போயிட்டான். அன்னைக்குச் சோறு எறங்கல. கட்டுக்குள்ள வலது கண்ணு இருக்கா போச்சான்னு தொட்டுப் பாக்கவும் விடமாட்டேங்குறா நர்ஸு.

எட்டாம் நாளு கட்டப் பிரிச்சு, குண்டுக் கண்ணாடி ஒண்ண மாட்டி விட்டாக. மொதல்ல நர்ஸோட வெள்ளச் சேல. அப்புறம் சரசு. கழுத்தெலும்பு தெரிய மெலிஞ்சு போயி நிக்கிறா, எனக்குத் தெரியவே இல்லையேடி இத்தன நாளா! எடது கண்ணப் பொத்திப் பாத்தேன். வலதுல பழைய நெழலு, அதுவும் அப்பிடியே இருந்துச்சு. சன்னலுக்கு வெளிய ஒரு நரச்ச தலை.

"தெரியுதாக்கா?"

"மூக்குல ஒனக்கு மச்சம் இருக்கேடா!"

அழுதான் பாரு, கம்பியப் புடிச்சுக்கிட்டு. கண்ணத் தொடச்சுட்டு நேரா உள்ள போயிப் படுத்துட்டான்.

திரும்பி வரையில திருமயம் மலைய நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டே பாத்தேன். கும்பிட்டேன், சரியான தெசையில. ஆனா ஊரு வந்ததும் கோயில் தெரு மொனையிலயே நின்னுட்டேன். மாரி மூஞ்சியில முழிக்கணுமே? தயங்கித் தயங்கிப் போனேன். அவ மூஞ்சியில நான் போட்ட வெள்ளிக் கண்ணு, எம் மூஞ்சியில கண்ணாடிக் கண்ணு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே நின்னோம்.

இன்னைக்குத்தான்டி கருப்பையாவுக்குக் கட்டுப் பிரிக்கிறது. காலையிலருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மாரி என்னைய விட்டுட்டு, குறி சொன்னவனப் புடிச்சுக்கிட்டாள்னா? ரெண்டு மணி பஸ்ஸுல திருமயத்துக்கு வருவான். தடவிக்கிட்டு எறங்குறானா, தானா எறங்குறானான்னு...

அடியே, அந்தா, காயப்போட்ட நெல்லுல ஒங் கோழி! செவலக் கோழிடி, கழுத்துல மசுரு இல்லாதது! ஒனக்குத் தெரியல? தள்ளு, நான் போறேன்.