காற்றுப் பிஸ்டல்

சுனாமி எங்கள் வீட்டுச் சுவர், கட்டில், அம்மி, என் கூறைச்சேலை என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், மாமாவின் பிஸ்டலை மட்டும் அது கிடந்த தகரப் பேணியோடு சேற்றில் விட்டுவிட்டுப் போனது. அம்மியைத் தூக்கத் தெரிந்த கடலுக்கு அதுமட்டும் கண்ணில் படவில்லையாம். எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. கல்குடாவில் பெற்றோமக்ஸ் லைட் வாடகைக்குக் கொடுத்தவர். திருவிழாவோ கலியாணமோ செத்தவீடோ, ஊரில் எங்கள் வெளிச்சம்தான். நாட்டைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அந்தக் காற்றுப் பிஸ்டலை வாங்கி, குரும்பை கடிக்க வரும் அணில்களை அதனால் வெருட்டிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் காட்டுவார், ஒருவரையும் தொட விடமாட்டார். அவர் காலமான பிறகு அது சீலை சுற்றி, கொஞ்ச ஈயக்குண்டோடு பிஸ்கட் பேணிக்குள் கிடந்தது.

பார்வைக்கு அசல் பிஸ்டல். வில்லங்கமே அதுதான். குழாய்க்குக் கீழே ஒரு மரப்பிடி. அதை விரித்து மடக்கினால் காற்று உள்ளே போகும். பின்னால் பாக்கு அளவில் ஒரு பித்தளைக் குமிழ். அது எதற்கென்று மாமா சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

கடல் வந்துபோன பிறகு எங்களுக்குக் கிடைத்தது ஒரு தகரக் கொட்டில். லைட்டும் இல்லை, தொழிலும் இல்லை. இவர் பிஸ்டலைக் கழற்றத் தொடங்கினார். பழைய தோற்பை ஒன்றில், காற்றுக் கசியாமல் அடைக்க வாசர் வெட்டினார், தேங்காய் எண்ணெய் தடவினார், உப்பைச் சுரண்டினார். நான் சமைக்க வைத்திருந்த எண்ணெய் அது. பிறகு மூச்சு வாங்கப் பம்ப் அடித்து விசையை இழுப்பார். 'டிக்' என்று ஒரு சத்தம்கூட வராது.

"காத்து நிக்குதில்ல புள்ள" என்பார், என்னவோ நான்தான் திறந்துவிட்டேன் என்பதுபோல.

லைட்காரர் பிள்ளை. எதைக் கண்டாலும் முதலில் பம்ப் அடிக்கத்தான் கை போகும். அடித்து முடித்த பிறகு அந்தக் குமிழையும் இழுத்துப் பார்ப்பார். அதற்குள் அடித்த காற்று எந்த ஊர் போய்ச் சேர்ந்ததோ.

சுனாமி முடிந்து இரண்டாம் வருசம் சண்டை திரும்பத் தொடங்கியது. எனக்கு நித்திரை போனது. அப்படி ஒரு சாமானோடு பிடிபட்டால் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இஞ்ச பாருங்க, அதைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள எறியுங்க."

"அப்பாட படம் ஒண்டும் மிஞ்சல்ல. அவர்ர கை பட்ட சாமான் எண்டு இது ஒண்டுதான் இரிக்கு."

 அன்றைக்கு நானே அதைச் சீலை சுற்றிப் பேணிக்குள் வைத்தேன். அடுத்த நாள் காலையில் திரும்பவும் தொடங்கினேன்.

ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு. சீருடைக்காரர் வந்து ஆம்பிளைகளை எல்லாம் வெளியில் வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் கொட்டிலுக்குள் போனவன் பிஸ்கட் பேணியோடு வந்தான். அதிகாரி அதைத் திறந்தார். சுற்றி நின்ற துவக்குகள் எல்லாம் இவர் பக்கம் திரும்பின. 

"காத்துப் பிஸ்டல் ஐயா. அணிலுக்கு அடிக்கிற."

அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "அப்ப சுட்டுக் காட்டு" என்றார்.

இவர் குண்டைப் போட்டுப் பம்ப் அடித்தார். விசையை இழுத்தார். ஒன்றுமில்லை. திரும்ப அடித்தார். வியர்வையில் பிடி வழுக்கியது. ஒன்றுமில்லை. ஆட்களை ஏற்ற நின்ற ட்ரக்கை அதிகாரி கையால் காட்டினார். சுட்டிருந்தால் விளையாட்டுச் சாமான். சுடாததால் அது பழுதான அசல் பிஸ்டல்.

"இன்னொருக்கா ஐயா" என்று இவர் கெஞ்சி மூன்றாந்தரம் அடித்தார். நான் பக்கத்தில் போய்விட்டேன், யாரும் தடுக்கவில்லையா, நான் கேட்கவில்லையா தெரியாது. அப்போதுதான் அந்த 'உஸ்' காதில் விழுந்தது. வாசர் பக்கத்திலிருந்து இல்லை, குழாயின் வாயிலிருந்து. அடிக்கிற காற்று உள்ளே போகிறது, போன கையோடு முன்வாசலால் வெளியேறுகிறது. லைட்டில் காற்றுத் திருகை மூடாமல் அடித்தால் இதே சத்தம்தான். அப்படியென்றால் எங்கேயோ ஒரு கதவு திறந்து கிடக்கிறது. பம்ப் அடிக்க முன்னம் நாங்கள் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

"திருகை மூடாம லைட்டுக்குக் காத்து அடிக்கிற ஆளா நீங்க? முதல் அந்தக் குமிழை இழுங்க!" என்று கத்தினேன். அத்தனை துவக்குக்கும் நடுவில் புருசனை ஏசிய பெண் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இழுத்தார். 'கிளிக்'. பிறகு பம்ப் அடித்தார். 'உஸ்' இல்லை. பிடி அடிக்கு அடி இறுகியது. எங்கள் கொட்டில் தகரத்தைப் பார்த்து விசையை இழுத்தார். டப்! தகரத்தில் ஒரு சொட்டை விழுந்தது. துளைகூட இல்லை.

விசயம் இவ்வளவுதான். குமிழை இழுக்காவிட்டால் உள்ளே இருக்கிற சின்னச் சுத்தியல் வால்வின் தலையில் குந்திக்கொண்டு அதை மூட விடாது. இழுத்தால் சுத்தியல் பின்னுக்குப் போகும், வால்வு மூடும், காற்று நிற்கும். விசையைத் தட்டினால் சுத்தியல் பாய்ந்து வால்வைத் திறக்கும். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு ட்ரக் வரவேண்டியிருந்தது.

அதிகாரி சிரித்தார். தானும் ஒருதரம் சுட்டார். எங்கள் தகரத்தில் இன்னும் மூன்று சொட்டை விழுந்த பிறகு, "இது நாங்க கொண்டுபோறது. சண்டை முடிஞ்சா வந்து எடு" என்றார். வரிசையில் இவருக்குப் பக்கத்தில் நின்றவர் அடுத்த கொட்டில்காரர், மீன் வியாபாரி. அவர் கொட்டிலில் ஒன்றுமே அகப்படவில்லை. அவரை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்ன கிழமை, இவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"அவங்கட முகாமுக்குப் போய்க் கேப்பம். அப்பாட சாமான்."

நான் ஏச வாயைத் திறக்க முன்னம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மீன் வியாபாரியின் மனைவி வந்துவிட்டாள். கையில் அவருடைய அடையாள அட்டைப் படம்.

"அக்கா, அங்கயா போறீங்க? நானும் வாறன்."

மூன்று பேரும் போனோம். வாசலில் நின்றவன் என்ன விசயம் என்று கேட்டான். இவர் அந்தப் படத்தை வாங்கி அவனிடம் நீட்டினார்.

"இவரை இஞ்ச கொண்டுவந்தது. என்ர பக்கத்திலதான் நிண்டவர்" என்றார்.

அப்படி ஒருவரையும் கொண்டுவரவில்லை என்றான் அவன். வேறு ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டான்.

"வேற ஒண்டும் இல்ல" என்றார் இவர்.